உரிமம் வேண்டா அலைகளும் அவற்றின் வாணிகமும்

வீட்டில் வானொலிப் பெட்டி ஒன்று வைத்திருப்பதற்கே ஒரு காலத்தில் அரசாங்கத்தின் உரிமம் வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகம் சென்று, கட்டணம் செலுத்தி, சிறு புத்தகமொன்றில் முத்திரை பெற்று வருதல் இல்லறத்தான் கடமைகளுள் ஒன்றாகவே இருந்தது. நேயர்களில் மூத்தோர் அப்புத்தகத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1980களின் நடுப்பகுதியிலேதான் அவ்வழக்கம் ஒழிந்தது. கேட்பதற்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், அலைகளை அனுப்புவதைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அதனை அரசின் தனியுரிமை ஆக்கி வைத்திருந்தன. அனுமதியின்றி ஒருவர் தம் வீட்டு மாடியில் அலைபரப்பும் கருவியை நிறுத்துவாராயின், அது தண்டனைக்குரிய குற்றம்.

இன்று நிலைமை என்ன? வீட்டுக் கூடத்தின் மூலையில், காலண்டருக்கு அருகே, இரண்டு குச்சிகளை நீட்டிக்கொண்டு ஒரு சிறு பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கிறது. ரௌட்டர் என்று அதற்குப் பெயர். அது பெறுவதோடு நிற்பதில்லை. இரவும் பகலும் அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையம் அது. அதற்காக எவரும் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் எழுதவில்லை. இந்த விடுதலை எவ்வாறு வந்தது, வந்தபின் அதைக் கொண்டு பொருளீட்ட முயன்றோர் யாவர், அவர்களுள் நிலைத்தவர் யார், வீழ்ந்தவர் யார் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது. பிற மாநிலங்களில் தொழில் செய்து வாழும் தமிழ் மக்களுள், இத்துறையில் கைப்பொருளை இடலாமா என்று எண்ணுவோர் சிலரேனும் இருப்பர். அவர்களுக்கும் இவ்வரலாறு பயன்படக்கூடும்.

இடத்தை முதலில் குறித்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றை ஒட்டியுள்ள வலியசாலை, தமிழர் வாழ்வோடு நெடுங்காலம் தொடர்புடைய தெரு. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அங்கே அரசன் செய்த செயலைக் குறிக்கும் சொல்லில் வரும் ‘கலம்’ என்பது மரக்கலமா, உண்கலமா என்று அறிஞர் ஒரு நூற்றாண்டுக் காலமாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. ‘சாலை’ என்பது கற்பார் பலரும் கூடிப் பயன்கொண்ட பொதுநிலையம் என்ற கருத்து மட்டும் நமக்குப் போதும். அருகே, திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த சாலைக் கடைவீதி. அங்கே இன்றும் தமிழ் வணிகர் பலர் கடை நடத்துகின்றனர். அக்கிரகாரத்தில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் சேர்ந்து இரு வரிசையாக நிற்கும். ஒரு வீட்டின் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு வீட்டின் அலையும் அவ்வாறே.

இந்நகரத்துக்குக் கம்பியில்லாச் செய்தி புதிதன்று. 1943 மார்ச் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் இங்கே தொடங்கப்பெற்றது. 1950 ஏப்ரல் 1ஆம் நாள் அது அகில இந்திய வானொலியின் பொறுப்பில் வந்தது. அலைகள் என்றால் அரசு, அரசு என்றால் உரிமம் என்பதுதான் அன்றைய நிலை.

அக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை. இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் கேட்போருக்கு இரண்டும் விளங்கா. ஆகவே, ஒருவருக்கு ஒரு வரிசை, அதில் வேறெவரும் நுழையலாகாது என்ற முறையை உலகம் முழுதும் கைக்கொண்டது. அந்த வேலிகளுக்கிடையே சில புறம்போக்குகள் மட்டும் விடப்பட்டன. 1947இல் அட்லாண்டிக் நகரில் கூடிய அனைத்துலகத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழிற்சாலை, மருத்துவம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்கான கருவிகள் இரைச்சலிட்டுக் கொள்ளட்டும் என்று சில அலைப்பகுதிகளை ஒதுக்கியது. அவற்றுள் ஒன்று 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது அப்பகுதியிலேதான். இரைச்சல் மிகுந்த அந்நிலத்தில் எவரும் வீடு கட்ட விரும்பவில்லை. பொறியாளர் சிலர் அதனைக் குப்பைமேடு என்றே அழைத்தனர்.

அக்குப்பைமேட்டில் பயிர் விளையும் என்று கண்டவர் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையத்தில் பணிபுரிந்த மைக்கேல் மார்க்கஸ் என்னும் பொறியாளர். ஒரே அலையில் உரக்கப் பேசுவதை விட்டு, செய்தியைப் பரந்த அலைப்பரப்பில் மெல்லியதாகத் தூவிவிட்டால், பலர் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பது போர்க்காலத்திலேயே அறியப்பட்ட உத்தி. ஹெடி லாமர் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசைவாணரும் அலைவரிசை விட்டு வரிசை தாவும் முறைக்கு 1942லேயே காப்புரிமை பெற்றிருந்தனர். நடிகைக்கும் பியானோக்காரருக்கும் கடற்படைக் குண்டில் என்ன வேலை என்று அக்காலத்தில் கேட்டிருப்பர்! அவ்வகை உத்திகளைப் பயன்படுத்துவோர் உரிமம் இன்றியே 900, 2400, 5700 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இயங்கலாம் என்று 1985 மே மாதத்தில் அவ்வாணையம் தீர்மானித்தது. தொலைபேசி நிறுவனங்கள் அன்று அதனைப் பெரிதாகக் கருதவில்லை.

முதலில் பயன்கண்டவர் வணிகரே. கடைகளுக்குக் கல்லாப் பெட்டி செய்து விற்ற என்.சி.ஆர். நிறுவனம், கடையை மாற்றியமைக்கும்போதெல்லாம் பெட்டிகளுக்குக் கம்பி இழுக்கும் தொல்லையை ஒழிக்க எண்ணி, நெதர்லாந்திலிருந்த தன் கூடத்தில் கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. அம்முயற்சியிலிருந்து வந்த விக் ஹேஸ் என்பவரே பொதுவான நியமம் வகுத்த குழுவுக்குப் பல்லாண்டு தலைமை தாங்கினார். 1997இல் முதல் நியமம் வெளிவந்தது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 ஆயிற்று. அதே ஆண்டில் வைஃபை என்ற பெயரும் சூட்டப்பெற்றது. ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியில் அதனைப் பொருத்தி விற்றது. எந்த நிறுவனத்தின் கருவியும் மற்ற நிறுவனத்தின் கருவியோடு பேசும் என்ற நிலை வந்ததும், விலை சரசரவென்று இறங்கியது.

விலை இறங்கியதும் ஆசை ஏறியது. அலைக்கு வாடகை இல்லை, கருவியோ மலிவு, ஆகவே இணையத்தை விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்று பலர் கணக்கிட்டனர். அக்கணக்கு எவ்வாறு பிழைத்தது என்பதை அறிய மூன்று சான்றுகள் போதும். மெட்ரிகாம் என்ற நிறுவனம் தெருவிளக்குக் கம்பங்களில் பெட்டிகளை மாட்டி, பல அமெரிக்க நகரங்களில் இணையம் விற்றது. வந்து சேர்ந்த வாடிக்கையாளர் 50,000 பேரளவிலேயே. 2001 ஜூலையில் அது திவாலாயிற்று. ஐ.பி.எம்., இன்டெல், ஏ.டி. அண்டு டி. ஆகிய பெருநிறுவனங்கள் 2002 டிசம்பரில் கூடிக் கோமெட்டா என்ற கம்பெனியைத் தொடங்கின. 20,000 இடங்களில் வைஃபை அமைப்பதாகச் சொன்ன அது 2004இல் மூடப்பட்டது. பிலடெல்பியா நகரம் முழுவதையும் கம்பியில்லா இணையத்தால் போர்த்த முன்வந்த எர்த்லிங்க் நிறுவனம் 2008இல் கைவிட்டுச் சென்றது.

காரணம் ஒன்றே. உரிமம் வேண்டா அலைக்கு வாடகை இல்லை என்பது உண்மை. அந்த நன்மை எல்லோருக்கும் உண்டு என்பதும் உண்மை. தேநீர்க்கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் ஒன்றை அடுத்த கடையில் எவர் காசு கொடுத்து வாங்குவார்? மேலும், அலை இலவசமானாலும், கம்பம், மின்சாரம், பின்னாலிருந்து வரும் கம்பி, பழுதுபார்க்கும் ஆள் ஆகியவை இலவசமல்ல. இவ்வலைகளின் வலிமையும் மிகக் குறைவு. ஒரு நகரைப் போர்த்த வேண்டுமானால், பத்துக் கட்டடத்துக்கு ஒரு பெட்டி என்று மாட்டிக்கொண்டே போகவேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தா நகர மண்டபத்தில் 1895ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் அளவான அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். கம்பியில்லா அலைகளுக்கெனத் தனிச் சட்டம் அன்று இல்லை. கண்டுபிடிப்பின் வழியே பொருளீட்டுவதிலும் அவருக்கு விருப்பமில்லை. அதன்பின் நூறாண்டு கழித்து, 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஆட்டங்களை ஒளிபரப்புவது பற்றி எழுந்த வழக்கொன்றில், காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்து என்றால் அதை ஏலத்தில் விடுவதா, எல்லோருக்கும் திறந்துவிடுவதா? அரசு இரண்டையும் செய்தது.

ஏலத்தின் அளவை நேயர்கள் அறிவார்கள். 2010இல் நடந்த மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய். 2022இன் ஐந்தாம் தலைமுறை ஏலத்தில் 1,50,000 கோடிக்கு மேல். இடையே, 2012 பிப்ரவரியில், முறைகேடாகக் கொடுக்கப்பட்டவை என்று 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்ததும் நினைவிலிருக்கும். இத்துணை ஆரவாரத்துக்கு நடுவே, ஓசையின்றி ஓர் அறிவிக்கை வந்தது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், குறைந்த ஆற்றலுள்ள கருவிகளை வெட்டவெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி செய்தது.

அவ்விதியின் நிபந்தனைகள் மிகச் சுருக்கமானவை. கருவியின் ஆற்றல் 1 வாட்டுக்கு மேற்படலாகாது. ஏரியல் குவித்து அனுப்பும்போது 4 வாட் வரை செல்லலாம். ஏரியலின் உயரம் கட்டடத்தின் மாடிக்கு மேல் 5 மீட்டர் வரையே. எல்லாவற்றினும் இன்றியமையாதது மூன்றாவது நிபந்தனை: பிறர்க்கு இடையூறு செய்யலாகாது, பிறரால் இடையூறு நேர்ந்தால் முறையிடவும் இடமில்லை. பொதுக் குளத்தில் குளிப்பவர், அடுத்தவர் நீரைக் கலக்கினார் என்று வழக்குத் தொடுக்க முடியாதல்லவா? அம்முறையே இது. முதலீடு செய்ய எண்ணுவோர் இந்த ஒரு வரியை இருமுறை படித்தல் நலம். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மேலும் 605 மெகாஹெர்ட்ஸ் இவ்வாறே திறந்துவிடப்பட்டது.

அறிவிக்கை வந்த மறுமாதமே, இமயமலைச் சாரலிலுள்ள தர்மசாலாவில் ஏர்ஜால்தி என்ற வலைப்பின்னல் தொடங்கிவிட்டது. மலைமுகட்டிலிருந்து மலைமுகட்டுக்கு, சில இடங்களில் 40 கிலோமீட்டர் தொலைவு, வைஃபை அலைகளை அனுப்பி அங்குள்ள பள்ளிகளையும் தொண்டு நிலையங்களையும் அது இணைத்தது. பின்னர் அது வாணிக நிறுவனமாகவே வளர்ந்து, பிற மாநிலங்களின் சிற்றூர்களிலும் இணையம் விற்கத் தொடங்கியது. கம்பி செல்லாத இடத்தில் இவ்வலைக்கு விலை உண்டு என்பதற்கு அது சான்று.

ஆயினும் நம் மனத்தில் நிற்பது தேனி மாவட்டத்தில் நடந்த காரியமே. மதுரையில் 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி தோற்றுவித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை தேனியில் உண்டு. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து கண்நோயாளிகள் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்து வரவேண்டியிருந்தது. வந்தவர்களுள் பலருக்குத் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி மட்டுமே. அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழு, மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தது. சிற்றூரில் ஒரு கண் மையம். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர். மருத்துவமனைக்கும் மையத்துக்கும் இடையே வைஃபை இணைப்பு. தேனியிலிருந்தே மருத்துவர் திரையில் நோயாளியைக் கண்டு பேசுவார்.

வைஃபை என்பது ஒரு அறைக்குள் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. அதனைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு நீட்டினால் என்ன நேரும்? ஒவ்வொரு செய்தித்துணுக்கையும் அனுப்பியபின், ‘வந்து சேர்ந்தது’ என்ற மறுமொழிக்காக அனுப்பியவர் காத்திருப்பார். தூரத்தால் மறுமொழி சற்றுத் தாமதிக்கும். அதற்குள் பொறுமையிழந்து, செய்தி தொலைந்தது என்று எண்ணி மீண்டும் அனுப்பிவிடுவார். இரு முனைகளும் ஒரே சமயத்தில் பேசி ஒன்றை ஒன்று மறிப்பதும் உண்டு. இவற்றுக்கு மாற்றாக, இன்ன நேரம் நீ பேசு, இன்ன நேரம் நான் பேசுகிறேன் என்று காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை அக்குழுவினர் மென்பொருளிலேயே அமைத்தனர். கருவியோ கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவி. 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை உலகெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டில் வெனிசுவேலா நாட்டில் எர்மான்னோ பியத்ரோசெமோலி என்பவர் வைஃபை அலையை 382 கிலோமீட்டர் செலுத்திக் காட்டினார் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளியையும் தாண்டிவிடக்கூடிய தூரம் அது!

தேனித் திட்டத்தைக் கெடுக்க வந்தது அலையன்று, மின்சாரம். 2008இல் அதே குழுவினர் எழுதிய மற்றோர் ஆய்வுரையில், கருவிகள் பழுதாவதற்கு முதற்காரணம் ஏறியும் இறங்கியும் தத்தளிக்கும் மின்னழுத்தமே என்று காட்டினர். உள்ளூர்ப் பணியாளருக்குக் கருவியைப் பழுதுபார்க்கக் கற்பித்த பின்னரே இணைப்பு உறுதியாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவ்வளவு வெளிப்படையாக மின்கம்பத்தையும் ஊழியரையும் பற்றி எழுதுவது அரிது. ஆகவே அதனை நாம் மிகவும் மதிக்கிறோம்.

வாணிகக் கண்ணோட்டத்தில் தேனி கற்பிப்பது யாது? அங்கே எவரும் இணையத்தை விற்கவில்லை. விற்கப்பட்டது கண் பரிசோதனை. அதற்கு நோயாளி கொடுத்தது சிறு கட்டணம். மூக்குக்கண்ணாடிக்கு விலை உண்டு. அலை அந்தத் தொழிலைத் தாங்கும் தோளாக மட்டுமே நின்றது. தோளுக்குத் தனியே கூலி கேட்ட கம்பெனிகள் அனைத்தும் அமெரிக்காவில் வீழ்ந்ததை முன்னரே கண்டோம்.

கேரளத்தின் அனுபவமும் இதனையே உறுதி செய்கிறது. 2002 நவம்பரில், குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் அட்சயா என்ற திட்டத்தை மலப்புறம் மாவட்டத்துக்கெனத் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 1000 குடும்பத்துக்கு ஒரு கணினி மையம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்கேனும் கணினிப் பயிற்சி. பயிற்சிக் கட்டணம் 140 ரூபாயில் குடும்பத்தார் கொடுத்தது 20. மீதி 120ஐ ஊராட்சி அமைப்புகள் ஏற்றன. மையத்தை நடத்தியவர் அரசு ஊழியர் அல்லர். கடன் வாங்கிக் கணினி வாங்கிய உள்ளூர் இளைஞரும் பெண்களும். மலையும் வயலுமாகிய அம்மாவட்டம் முழுதும் கம்பி இழுக்க நாளாகும் என்பதால், டூலிப் என்ற நிறுவனம் கம்பியில்லா வலைப்பின்னலை அமைத்தது. கிராமப்புறத்தில் உலகில் அமைந்த மிகப் பெரிய கம்பியில்லா வலைப்பின்னல்களுள் ஒன்று என்று அந்நாளில் அது புகழப்பட்டது.

பயிற்சி முடிந்ததும் மையக்காரரின் வருவாய் நின்றது, கடன் நிற்கவில்லை. இணையத்தில் உலாவ மணிக்கணக்கில் காசு கொடுப்போரை நம்பியவர்கள் பலர் கடையை மூடினர். மின்கட்டணம், சான்றிதழ், விண்ணப்பம், தேர்வு முடிவு, ஓய்வூதியம் என்று மக்களின் அன்றாட வேலைகளைச் செய்து கொடுத்தவர்கள் நிலைத்தனர். இன்று கேரளத்தில் எந்த ஊருக்குச் சென்றாலும் அட்சயா மையம் உண்டு. ஆனால் அவற்றுக்கு இணையம் வருவது இப்போது பெரும்பாலும் கம்பி வழியே. டூலிப் நிறுவனமோ பின்னாளில் கடன் சுமையால் வீழ்ந்தது. வலை வீசியவர் போய், மீன் விற்றவர் இருக்கிறார்.

அடுத்த அலை ரயில் நிலையங்களில் எழுந்தது. 2016 ஜனவரியில் பம்பாய் சென்ட்ரல் நிலையத்தில் கூகுளும் ரெயில்டெல்லும் சேர்ந்து இலவச வைஃபை தொடங்கின. 2018 ஜூனுக்குள் 400 நிலையங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் தமிழர் எத்தனை பேர், தாதரிலோ பெங்களூரிலோ வண்டிக்குக் காத்திருக்கையில் அதனைப் பயன்படுத்தியிருப்பர்! ஆனால் அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2014இல் 1 ஜிபி தரவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்த நாட்டில், சில ஆண்டுகளில் அவ்விலை 10 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. பல்லாயிரம் கோடிக்கு ஏலம் எடுத்த அலை மலிவாகக் கிடைக்கும்போது, ஏலமே இல்லாத அலையைத் தேடிச் சென்று கடவுச்சொல் எழுதுவானேன்? கைபேசித் தரவு மலிந்துவிட்டதைக் காரணம் காட்டி, 2020 பிப்ரவரியில் கூகுள் விலகுவதாக அறிவித்தது. ரெயில்டெல் மட்டும் தொடர்ந்து, 2021 மே மாதத்துக்குள் 6000 நிலையங்களை எட்டியது. அவ்வாண்டில் அது வகுத்த முறைப்படி நாளொன்றுக்கு முதல் அரைமணி இலவசம். அதற்கு மேல் கட்டணம் 10 ரூபாயிலிருந்து தொடக்கம்.

இதே காலத்தில் மத்திய அரசு ஒரு பழைய நினைவைப் புதுப்பித்தது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளை வெளிமாநிலத் தமிழர் எவ்வாறு மறப்பர்? இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்று காத்திருந்து, ஊரிலுள்ள தாய்தந்தையரோடு, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசிய காலம் அது. கால் ஊனமுற்றோரும் கைம்பெண்களுமாகப் பலர் அந்தப் பூத்துகளால் பிழைத்தனர். அதே முறையில் இணையத்தை விற்கும் சிறுகடைகளை ஏற்படுத்தலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் யோசனை கூறியது. அதன்படி 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதலளித்த திட்டத்துக்குப் பிஎம்-வாணி என்று பெயர். ஆகாசவாணிக்குப் பழகிய செவிகளுக்கு அப்பெயர் இனிமையாகவே ஒலிக்கும். இத்திட்டத்தில் கடைக்காரருக்கு உரிமமும் வேண்டா, பதிவும் வேண்டா, கட்டணமும் வேண்டா. இணைப்பு ஒன்றை வாங்கி, ஒரு கருவியை மாட்டி, சீட்டு விற்கலாம்.

வலியசாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் இதில் இறங்குவதாகக் கொள்வோம். எண்கள் நாம் கற்பித்துக்கொண்டவை. மாதம் 1000 ரூபாய்க்கு ஒரு கம்பி இணைப்பு. ஒரு சீட்டின் விலை 5 ரூபாய். அதில் கணக்கும் அடையாளமும் பார்த்துக்கொள்ளும் இடைநிலை நிறுவனத்துக்கு 1 ரூபாய். இணைப்புச் செலவு மட்டும் தேறவே மாதம் 250 சீட்டு, நாளுக்கு எட்டு, விற்க வேண்டும். முடியாத காரியமன்று. ஆனால் இணைப்புக் கொடுக்கும் நிறுவனம், ‘இது வீட்டு உபயோகமன்று, வாணிக உபயோகம்’ என்று சொல்லிப் பன்மடங்கு கேட்டால், நாளுக்கு எண்பது சீட்டு விற்றாலும் கட்டுப்படியாகாது. பல இடங்களில் திட்டம் தடுமாறியது இங்கேதான். 2018இன் தேசியக் கொள்கை 2022க்குள் ஒரு கோடி வைஃபை நிலையங்கள் என்று குறிவைத்தது. அக்கெடு கடந்து ஆண்டுகள் சென்றபின்னும் பிஎம்-வாணி நிலையங்கள் சில இலட்சத்தையே எட்டின. 2025 ஜூனில்தான், இக்கடைக்காரர்களிடம் வீட்டு இணைப்பின் விலையைப் போல இருமடங்குக்கு மேல் வாங்கலாகாது என்று ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு கட்டியது. ஐந்தாண்டுக்கு முன்னரே கட்டியிருக்க வேண்டிய வரம்பு என்பது எம் கருத்து.

கேரள அரசு வேறு வழியில் சென்றது. இணையம் மக்களின் அடிப்படை உரிமை என்று 2017இல் அறிவித்து, ஏறத்தாழ 2000 பொது இடங்களில் கே-ஃபை என்னும் இலவச வைஃபையை நிறுவியது. நாள்தோறும் ஓர் அளவு வரை இலவசம். மேலும் வேண்டுவோர் கட்டணம் செலுத்தலாம். 2023 ஜூன் 5ஆம் நாள் கே-ஃபோன் என்னும் கண்ணாடியிழை வலைப்பின்னலையும் தொடங்கிவைத்தது. இது ஒருபுறமிருக்க, கேபிள் டி.வி. நடத்திய சிறு தொழிலாளர்கள் தமக்குள் கூடிக் கேரள விஷன் என்ற பெயரில் வீடுகளுக்கு இணையம் கொடுக்கிறார்கள். பெருநிறுவனங்களுக்கு நடுவே சிறியோர் ஒன்றுகூடி நிலைத்த இம்முயற்சியைத் தமிழ்நாட்டினரும் ஊன்றி நோக்கலாம். அவர்களுடைய கண்ணாடியிழை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. கடைசிப் பத்தடியை உரிமம் வேண்டா அலையே கடக்கிறது. மாதக் கட்டணத்தில் அந்தப் பத்தடிக்கென்று தனி விலை இல்லை. ஆயினும் அது இல்லையேல் இணைப்பை வாங்குவோரும் இல்லை.

ஒட்டிய சுவர்களையுடைய தெருக்களுக்கு ஒரு தொல்லை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் மூன்றே. ஒரு வரிசையில் இருபது வீடு, இருபது ரௌட்டர் என்றால், மாலை நேரத்தில் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறிப்பர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தடங்கள் மிகுதி. ஆனால் பழங்காலத்துத் தடித்த சுவரை அது எளிதில் ஊடுருவாது. வீட்டுச் சுவரே வேலியாக நிற்பதால், அடுத்த வீட்டாரின் இரைச்சல் குறைவது அதில் ஒரு நன்மை.

நெரிசலுக்கு மருந்தாகவே 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பலரும் கேட்டனர். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸை முழுமையாகத் திறந்துவிட்டது. இந்தியாவில் அதன் மேற்பகுதியைக் கைபேசி நிறுவனங்கள் தமக்கென வேண்டின. 2025 மே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் 5925 முதல் 6425 வரையுள்ள கீழ்ப்பகுதியை மட்டும் குறித்தன. அதிலும் வீட்டுக்குள் குறைந்த ஆற்றலுக்கும், வெளியே மிகக் குறைந்த ஆற்றலுக்குமே இடம். வலியசாலை வீட்டின் கூடத்தில் அவ்வலை செவ்வனே உலாவும். தெருவைக் கடந்து அடுத்த ஊருக்குச் செல்லாது. தேனியில் செய்தது போன்ற நெடுந்தூர இணைப்பை மேற்கொள்ள விரும்புவோருக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற பழைய இரண்டு பகுதிகளும், மாடிக்கு மேல் ஓரளவே உயரும் அந்த ஏரியலுமே துணை.